என் பெயர் ஒட்டிய டப்பி

பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் அது. படித்தவர்கள் ஐம்பத்தெட்டு என்கிறார்கள். எனக்கு அது பஸ் கைமாறிய தை மாதம், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மார்கழியில் மழை விடாமல் அடித்து, ஆறுகள் பாலத்துக்கு மேலே போயின. தையில் வெயில் வந்ததும் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், ஒரே பேச்சு, இனிமேல் பஸ்ஸில் கோழி ஏற்ற முடியாதாம் என்று. பழைய கண்டக்டர் கூடைக்குள் கோழி கொக்கரித்தாலும் காது கேளாதவர் போல இருப்பார். வண்டி மாறவில்லை, கண்டக்டரும் மாறவில்லை, ஆனால் மனுஷர் விறைப்பாகிவிட்டார். இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்றால், அந்த பஸ்ஸின் பின் சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டு பார்த்தேன். தலை என் மச்சான் ராமையாவின் மடியில் இருந்தது. ராமையா என் பெண்சாதியின் அண்ணன். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால்தான் கான். அதைச் சரிவு பார்த்து வெட்ட வேண்டும். சரிவு கூடினால் மண் போய்விடும். குறைந்தால் தண்ணீர் தேங்கிக் கரை இடிந்துவிடும். பள்ளிக்கூடம் போகாத எனக்கு இருந்த ஒரே படிப்பு அது. பின்னால் டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியதற்கும் அந்தப் படிப்புதான் காரணம்.

கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் என் பெண்சாதி அழகம்மா எட்டு மாசமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் லேசாக, மறுநாள் கொஞ்சம் கூட, அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட என்று படி ஏறுவது போல ஏறிற்று. வயிறு உப்பிக்கொண்டது. வாய் கசந்தது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பூச்சி மருந்து குடிக்கக் கொடுப்பார்கள். பின்னாலேயே பேதி உப்புக் கரைத்த தண்ணீர். அன்றைக்கு முழுக்க லயமே வாழைத்தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப் பழகிப் பழகி, உடம்பில் என்ன கெட்டது இருந்தாலும் அது போகிற வழி அது ஒன்றுதான் என்று எங்களுக்கு மனதில் பதிந்துபோயிற்று. தலை வலித்தாலும் வயிற்றைக் கழுவு, காய்ச்சல் வந்தாலும் வயிற்றைக் கழுவு. நான் பேதி உப்பு கொஞ்சம் பதுக்கி வைத்திருந்தேன். காய்ச்சல் பத்து நாளைத் தாண்டியதும் கரைத்து இரண்டு டம்ளர் குடித்தேன். அடுத்த நாள் இரத்தம் போயிற்று. அதற்குப் பிறகுதான் தோட்டத்து மருந்து ஐயா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்து, ராமையா என்னை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் கூடத்து பெஞ்சில் காத்திருந்தது ஒரு யுகம். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பெஞ்சு முழுக்க எனக்கே கிடைத்தது, படுத்துக்கொண்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்து மனுஷர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றில் மெல்ல விரல் வைத்தார், நெஞ்சில் இருந்த சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகளை எண்ணுகிறவர் போலப் பார்த்தார். பிறகு பேதிக்கு என்ன குடித்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடல் முழுக்கப் புண். அதுக்கு மேல ரெண்டு டம்ளர் உப்புத் தண்ணி. ஓட்டை விழேல்லை எண்டது உம்மட நல்ல காலம். இனி நான் சொல்லாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, விளங்குதோ?"

விளங்கியது என்றேன். விளங்கவில்லை.

இரத்தம் எடுத்துச் சோதித்து, நெருப்புக் காய்ச்சல் என்றார்கள். அதுதான் டைபாய்டு. ஆஸ்பத்திரியின் ஒரு ஓரத்தில் காய்ச்சல்காரர்களுக்குத் தனி வார்டு. சொந்தக்காரர் உள்ளே வர முடியாது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் கம்பி வேலியோடு நிற்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி, மருந்துக்குக் காசு இல்லை. ஆனால் என் மாமியார் மலையிலிருந்து நடந்து நடந்து தேய்ந்த கால்களுக்கு யார் கணக்குப் போடுவது? பார்லிக் கஞ்சியைப் போத்தலில் ஊற்றி, துணி சுற்றி, இடுப்பில் சொருகிக்கொண்டு வருவார். அது என்னிடம் வந்து சேரும்போது அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். அழகம்மா வர முடியாதே, என் கம்பிளியைத் துவைத்து அனுப்பினாள். வார்டு நர்ஸ், மிஸ்ஸி என்போம், அதை மருந்துத் தண்ணீரில் கொதிக்க வைத்தார். அது சுருங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. மிஸ்ஸி சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார், நான் தமிழில் பரவாயில்லை என்றேன்.

பேர் வாயில் நுழையாத ஒரு மாத்திரை, குளிசை என்பார்கள், கொடுத்தார்கள். அப்படி ஒரு கசப்பு நான் கண்டதில்லை. நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. தலை தெளிந்ததும் எனக்குக் கேள்விகள் வந்தன. படுத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? டாக்டரும் கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிறவர். மற்றவர்களைப் பார்த்து முடித்துவிட்டு என் கட்டில் ஓரத்தில் நிற்பார்.

குடலின் உள்பக்கம் மிக மெல்லிய ஒரு தோல் இருக்கிறதாம். சாப்பாட்டில் நல்லதை உள்ளே விடும், கெட்டதை வெளியிலேயே நிறுத்தும். அவர் ஊரில் கிடுகு வேலி கட்டுவார்கள், காற்று வரும், மாடு வராது என்று சொன்னார். நான் கிடுகு வேலியைக் கண்டதில்லை. ஆனால் கான் தெரியும். தண்ணீர் போக வேண்டும், மண் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே கரை செய்கிறது. இந்தக் காய்ச்சல் கிருமி தண்ணீரோடு வாய்க்குள் போய், குடலின் கரையைத் தாண்டி இரத்தத்துக்குள் நுழைகிறது. பிறகு திரும்பவும் குடலுக்கே வந்து கரையில் அங்கங்கே புண் போடுகிறது. மூன்றாவது வாரத்தில் கரை ஊறின காகிதம் மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒரு ரொட்டித் துண்டு போதும். கரை கிழிந்து எல்லாம் வயிற்றுக்குள் கொட்டி, ஆள் போய்விடுவான். மழையில் ஊறிய கானில் நான் மண்வெட்டி போடுவேனா? போட மாட்டேன். ஆனால் என் வயிற்றில் உப்பைக் கரைத்து விட்டிருந்தேன்.

காய்ச்சல் நின்றும் வயிற்றோட்டம் மட்டும் நிற்கவில்லை. அதைக் கேட்டபோது டாக்டர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. மனுஷன் குடலில் எப்போதும் கிருமிகள் இருக்கின்றனவாம், கோடிக்கணக்கில். ஊவா மாகாணம் முழுக்க இருக்கிற தேயிலைச் செடியை எண்ணினாலும் ஒரு ஆளின் குடலில் இருப்பதற்குப் பக்கத்தில் வராதாம். அதில் அநேகமானது நமக்குத் தொந்தரவு செய்யாது, சிலது உதவியும் செய்யுமாம். நான் குடித்த குளிசைக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாவற்றையும் அடித்துவிட்டது என்றார்.

எனக்கு உடனே புல் நினைவு வந்தது. எங்கள் தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே ஒரு புல் இல்லாமல் செதுக்கச் சொல்வார்கள். செதுக்கிய மலை பார்க்க அழகாக இருக்கும். மழை வந்தால் என் கான்களெல்லாம் மேல்மண்ணால் நிரம்பிவிடும். புல் விட்ட மலையில் மண் அப்படியே நிற்கும். இதை நான் டாக்டரிடம் சொன்னேன். எருமைத் தயிர் தின்று பார்க்கச் சொன்னார். தயிரிலும் ஒரு ஜாதிக் கிருமி இருக்கிறது, அது போய் புல் முளைக்கிற மாதிரி செய்யுமா என்று தனக்கும் முழுக்கத் தெரியாது, பார்ப்போம் என்றார். ஒரு டாக்டர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மிஸ்ஸி சட்டித் தயிர் வாங்கிக் கொடுத்தார். வயிறு மெல்ல மெல்ல நின்றது. தயிரால் நின்றதோ, தானாக நின்றதோ, எனக்கும் தெரியாது.

நான் படுத்த பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ராமையா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர். "பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று அவர் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னே பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

இனி சேனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதைத்தான் சேனை என்பார்கள். மற்ற வீடுகளில் பிறந்த அன்றே வைத்துவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது, அப்பன் தன் விரலால் வைக்க வேண்டும். யார் விரல் படுகிறதோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. என் அப்பா எனக்கு வைத்தார், அவருக்கு அவர் அப்பா கடல் தாண்டி வருவதற்கு முன்னே ஊரில் வைத்தார். ஆறு வருஷம் காத்து வந்த பிள்ளைக்கு நான் வைக்க வேண்டும். அதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

உடம்பு தேறிவிட்டது, நடக்கிறேன், சோறு தின்கிறேன். எப்போது அனுப்புவீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஒரு சின்னத் தகர டப்பியைக் காட்டினார். அதில் என் மலம் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அதைக் கொழும்புக்கு ரயிலில் அனுப்புவார்கள். அங்கே கண்ணாடித் தட்டில் நாற்றுப் போடுவது போலப் போட்டு, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். முளைக்காமல் அடுத்தடுத்து மூன்று டப்பி வந்தால்தான் வீடு. காய்ச்சல் போனாலும் சில ஆட்களுக்குள் கிருமி போகாதாம். பித்தப்பையில் குடியிருந்துகொண்டு, குடல் வழியாக வெளியே வந்துகொண்டே இருக்குமாம். அந்த ஆளுக்கு ஒரு நோவும் இருக்காது. அவன் தொட்ட சோற்றைத் தின்றவனுக்குத்தான் காய்ச்சல்.

முதல் டப்பி கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. கிருமி இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நோவும் இல்லாத என் வயிற்றில் என்ன இருக்கும்? முப்பதாம் நாளுக்கு இன்னும் பதினைந்து பதினாறு நாள்தான். அப்போதுதான் சந்தனத்தோடு பழக்கமானது.

சந்தனம் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறியவர், தலை சுற்றிக் கீழே விழுந்து கால் உடைந்து பக்கத்து வார்டில் கட்டோடு இருந்தார். எங்கள் வார்டுத் தாழ்வாரமும் அவர்கள் தாழ்வாரமும் ஒரு மரக் கிராதியில் முட்டும். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கதை சொல்வதில் மன்னர், ஆனால் பாதிக் கதையில் தூங்கிவிடுவார். தோட்டத்தில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். எத்தனை மணிக்கு வந்தாலும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார் என்று கங்காணி அவருக்கு அரைப்பேர்தான், பாதி நாள் கூலிதான் போடுவாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெளிறிய முகம், அகப்பை மாதிரி குழிந்த நகங்கள். நான் அவரிடம் என் கதையைச் சொன்னேன். பிறகு டப்பியை நீட்டினேன்.

"என்னோடதா? எனக்குக் கால் மட்டுந்தான் ஒடைஞ்சிருக்கு, வயிறு தங்கம். எடுத்துக்கங்க அண்ணே. இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இத கடன் கேட்டதில்ல."

மறுநாள் காலை என் பேர் ஒட்டிய டப்பி சந்தனத்தின் சரக்கோடு போயிற்று. மூன்று டப்பிக்கும் அவரையே நம்பியிருந்தேன்.

பகல் பத்து மணி இருக்கும். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வார்டின் கோடியில் சோதனை செய்கிற சின்ன அறை. கொழும்புக்கு அனுப்பும் முன் கொஞ்சம் எடுத்துத் தானும் பார்ப்பது அவர் வழக்கம், யாரும் சொல்லாமலே. மேசையில் பித்தளைக் குழாய் வைத்த பெருக்கிக் காட்டும் கருவி இருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள் ஒரு நீள்வட்டம், மெல்லிய ஓடு, ஓட்டுக்குள் நாலு முத்து சேர்த்து வைத்தது போல. அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன தெரியுது?"

"முட்டை மாதிரி இருக்குங்க. உள்ளுக்க நாலு குஞ்சு."

"கொக்கிப்புழுவின்ர முட்டை. போன முறை உம்மடதைப் பாத்தனான், ஒண்டும் இல்லை. இந்தப் புழு கால் தோலால உள்ள போய், குடலுக்கு வந்து, வளந்து முட்டை போட ஆறு கிழமை, நாப்பது நாளுக்கு மேல செல்லும். உமக்கு எட்டு நாளில வந்திட்டுது. எப்பிடி?"

சந்தனத்தைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. டாக்டர் கோபப்படவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சோதிடம் பார்க்கிறவர் போலச் சொல்லத் தொடங்கினார். இது யாருடையது என்று தனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் வெளிறிப்போய் இருப்பான். நகம் குழிந்திருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நின்ற இடத்தில் தலை சுற்றும். எல்லாரும் அவனைச் சோம்பேறி என்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான். இந்தப் புழு நூற்றுக்கணக்கில் குடலின் கரையைக் கவ்விக்கொண்டு நாள் முழுக்க இரத்தம் குடிக்கிறது.

சந்தனத்தைக் காணாமலே, டப்பியில் இருந்த ஒரு துளியைப் பார்த்து, மரத்தில் தலை சுற்றியது வரைக்கும் சொல்லிவிட்டாரே. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். சேனையையும் சேர்த்து.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கையைப் பார்த்தார்.

"கிருமி உம்மட குடலால வெளியில வருது. நீர் கழுவிற கைதான் மற்றக் கையையும் தொடுது. நகத்துக்கு அடியில ஒரு ஊசிமுனை அளவு போதும். அதைத் தேனில தொட்டுப் பிள்ளையின்ர வாயில வைக்கப் போறீர். ஒரு மாதத்துப் பிள்ளையின்ர குடலுக்கு இன்னும் வேலி கட்டி முடியேல்லை."

"தண்ணி, சவுக்காரம் போட்டுக் கழுவினாக்கா?"

"கழுவத்தான் வேணும், ஒவ்வொரு முறையும். ஆனா என்ர பிள்ளை எண்டால் நான் விடமாட்டன்."

அந்த டப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து மூன்று என்றார். முப்பதாம் நாள் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சந்தனத்துக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். அன்று மாலை கிராதியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒங்க டப்பி என்னையக் காலி பண்ணிருச்சு" என்றார். பிறகு இரும்புச் சத்து மருந்து. மூன்று வாரத்தில் அவர் முகத்தில் நிறம் ஏறியது. ஒரு நாள் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். முடித்துவிட்டு அவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். இனித் தோட்டத்தில் முழுப்பேர் போடாவிட்டால் கங்காணியைக் கூட்டிவந்து அந்தக் கண்ணாடியில் காட்டப்போவதாகச் சொன்னார்.

அதற்கு நடுவே முப்பதாம் நாள் வந்தது. காலையில் என் சொந்த டப்பியைக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். பேர் வைக்கிற நாளில் தோட்டத்தில் இருக்க வேண்டியவர்கள் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அழகம்மா, கையில் துணிச் சுருள். பக்கத்தில் மாமியார், தேன் ஊற்றிய சின்னக் கிண்ணம். திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ராமையா ரோட்டில் நின்றுவிட்டார்.

என் மகளை முதல்முதலாக இருபது அடி தூரத்தில் பார்த்தேன். துணிக்குள் ஒரு நெற்றி தெரிந்தது. அழகம்மா துணியை விலக்கினாள். மூக்கு என் அம்மாவின் மூக்கு.

வேலியின் ஓரத்தில் சின்னப் படலை இருந்தது, பூட்டில்லை. முற்றத்தில் அந்த நேரம் ஒரு ஆள் இல்லை. மிஸ்ஸி உள்ளே மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்புள, ஒரு விரல் போதும்" என்றார் மாமியார். "கொண்டாந்த தண்ணி இருக்கு, சவுக்காரம் இருக்கு. நானே ஊத்துறேன், நல்லா கழுவுங்க. யாரு பாக்கப் போறா? ஆறு வருஷம் தவங்கிடந்து வந்த புள்ள. அப்பன் கை படலன்னா நாளைக்கி நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

படியை விட்டு இறங்கினேன். பொய் சொல்லப் போவதில்லை, இறங்கி முற்றத்தில் பாதி தூரம் போய்விட்டேன். பிள்ளை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. பல் இல்லாத சிவப்பு ஈறு. அதற்குள்ளே சின்ன நாக்கு. அந்த நாக்குக்குப் பின்னால் தொண்டை, அதற்குக் கீழே இன்னும் கரை கட்டி முடியாத ஒரு சின்னக் கான். அதைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாம் அத்தை" என்றேன். "எனக்குள்ள அது இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரியாது. கழுவுனாலும் தெரியாது."

மாமியார் என்னை ஏதோ புத்தி பிசகியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். சகுனத்துக்குப் பயந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ராமையாவைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லலாமா, முப்பத்தொன்றாம் நாள் வைத்தால் குற்றமா என்று அவர் பாட்டுக்கு முணுமுணுத்தார். அழகம்மா பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்தாள். கிண்ணத்தை வாங்கி வேலித் தூண் மேல் வைத்தாள். தண்ணீரை ஊற்றிச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினாள், முழங்கை வரைக்கும், ஒரு தடவை, இன்னொரு தடவை.

"ஒம்பது மாசம் உள்ளுக்க வச்சிருந்தவ கை ஆகாதா?" என்றாள், யாரையும் பார்க்காமல். "அவுங்க கைக்குப் பதிலா என் கை. நீங்க பேரச் சொல்லுங்க."

விரலைத் தேனில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். நான் முற்றத்தின் நடுவில் கையைக் கட்டியபடி நின்று, மகளின் பேரை மூன்று தரம் சொன்னேன். தூரம் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வார்டு ஜன்னலில் நாலைந்து தலைகள் தெரிந்தன. அந்தப் பேரைச் சந்தனமும் கிராதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தரம் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, அன்று காலை கொடுத்த டப்பியின் முடிவு ரயிலில் வந்தது. டாக்டர் அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாதே, அவரே படித்துச் சொன்னார். அதிலும் கிருமி இருந்தது. ஒரு நோவும் இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு, தேறிய உடம்போடு முற்றத்தின் பாதி தூரம் வந்து நின்றேனே, அன்றைக்கு எனக்குள் அது இருந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கொடுத்த மூன்று டப்பியும் சுத்தம். ஏன் அப்போது போயிற்று, அதற்கு முன் ஏன் போகவில்லை என்று கேட்டேன். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஆயுசு முழுக்க, ஏன் என்று தனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை என்றார் டாக்டர். அவர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார், தெரிந்துகொண்டாரோ என்னவோ. எனக்கும் இன்னும் அந்த ஆசை இருக்கிறது. சித்திரையில் வீட்டுக்குப் போய், குளித்து, கையைக் கழுவி, மகளைத் தூக்கினேன். அவள் என் மூக்கைப் பிடித்தாள்.

இதைக் கேட்டவர்களே, உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், யாருக்காவது இந்தக் காய்ச்சல் வந்து தேறினால் அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று உடம்பே சொன்னாலும் நம்ப வேண்டாம், சோதனை சொல்லட்டும். அதுவரைக்கும் அடுத்தவர் சோற்றிலும் பிள்ளை வாயிலும் கை வைக்க வேண்டாம். டப்பி கேட்டால் வெட்கப்படாமல், தங்களுடையதையே கொடுக்கச் சொல்லுங்கள்.